ஈகாரத்தில் முடிந்தால்தான் நாய் திரும்பிப் பார்க்குமா?

நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்கிறவர்களிடம் இப்போது தவறாமல் ஓர் அறிவுரை வந்து சேர்கிறது. பெயர் 'ஈ' என்ற ஓசையில் முடிய வேண்டும், அப்போதுதான் நாய்க்குச் சட்டென்று பிடிபடும் என்கிறார்கள். குட்டி விற்பவர், பழக்க வருபவர், யூடியூபில் பேசுபவர் என்று எல்லோரும் இதையே சொல்கிறார்கள். ஜிம்மி, டாமி, லக்கி, ரோசி, ஜூலி என்று ஒரே ஓசையில் பெயர்கள் பெருகியதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். இதற்கு அறிவியல் ஆதாரம் இருப்பதாகவும் சொல்கிறார்கள். அந்த ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் காது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இது உண்மை. ஆகவே நாய்க்குக் கீச்சு ஒலிதான் நன்றாகக் கேட்கும், உயிரெழுத்துகளில் கீச்சானது 'ஈ', எனவே பெயர் 'ஈ'யில் முடிய வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். முதல் படி சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியில்லை. நாம் பேசும் 'ஆ', 'ஈ', 'ஊ', 'ஏ', 'ஓ' எல்லாவற்றுக்கும் அடையாளம் தரும் அதிர்வுகள் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அந்த எல்லைக்குள் நாய்க்கு எந்த உயிரெழுத்தும் கேட்காமல் போவதில்லை. நாற்பதாயிரம் ஹெர்ட்ஸ் கேட்கும் திறமைக்கும் 'லக்கி' என்ற பெயருக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

தொலைவிலிருந்து கூப்பிடும்போது நிலைமை இன்னும் மாறுகிறது. வாயை அகலத் திறந்து சொல்லும் 'ஆ' இயல்பாகவே உரத்து ஒலிக்கும். உதட்டை இழுத்துச் சொல்லும் 'ஈ'க்கு அந்த வலு கிடையாது. கீச்சான அதிர்வுகள் காற்றில் சீக்கிரம் தேய்ந்தும் போகும். எங்கள் காரைக்காலின் கடற்காற்றில் வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளைக் கூப்பிட்டுப் பழகியவர்கள் வாயில் 'ஏய்', 'ஓய்', 'டேய்' என்றுதான் வரும்.

அடுத்த வாதம், நாய் பெயரின் கடைசி எழுத்தைத்தான் கவனிக்கிறது என்பது. 2020இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் புடாபெஸ்டில் வீட்டு நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். பழகிய கட்டளைச் சொற்களையும், அவற்றில் ஓர் ஒலி மட்டும் மாறிய பொருளற்ற சொற்களையும், முற்றிலும் வேறான பொருளற்ற சொற்களையும் கேட்க வைத்தார்கள். முற்றிலும் வேறான சொல்லை மூளை பிரித்துக் காட்டியது. ஓரொலி மாறிய சொல்லுக்கும் பழகிய சொல்லுக்கும் அப்படி வேறுபாடு தெரியவில்லை. ஒவ்வோர் ஒலியையும் நாய் நுணுகிக் கேட்பதாகத் தெரியவில்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

இதற்கு மாறான சான்றும் உண்டு, அதை மறைப்பது நியாயமல்ல. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 'சிட்' என்ற கட்டளைக்குப் பழகிய நாய்களிடம் ஓர் ஒலியை மாற்றி 'சிக்', 'சட்' என்பது போலச் சொன்னபோது கீழ்ப்படிதல் குறைந்தது. ஒலி மாறினால் நாய் தடுமாறக்கூடும் என்பது இதில் தெரிகிறது. ஆனால் கடைசி ஒலிக்குத் தனி மதிப்பு உண்டு என்றோ, அது 'ஈ'யாக இருந்தால் நல்லது என்றோ இந்த ஆய்வும் சொல்லவில்லை. பழகிய சொல்லை மாற்றாதே என்பதுதான் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பலர் பேசும் இரைச்சலுக்கு நடுவே, நாய்க்கு முன்பின் தெரியாத ஒரு குரலில் அதன் பெயரையும், அதே ஓசை அமைப்புள்ள வேறு நாய்களின் பெயரையும் ஒலிக்கவிட்டார்கள். இரைச்சலுக்குச் சமமான அளவில் ஒலித்தபோதே நாய்கள் தங்கள் பெயரை இனங்கண்டு அதன் பக்கம் கவனம் வைத்தன. சந்தை இரைச்சலில் பெயரைப் பிடிக்கும் காதுக்கு நாம் ஈகாரம் சேர்த்து உதவ வேண்டியதில்லை.

இந்த விதி எந்த நாட்டுக்குப் பொருந்தினாலும் தமிழ் வாய்க்குப் பொருந்தாது. கடைசி எழுத்தை ஆராய்ந்து பெயர் வைக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தமிழில் கூப்பிடும்போது கடைசி எழுத்து அப்படியே நிற்பதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயல் முழுவதுமே இதற்காக இருக்கிறது. இகரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ஈகாரமாக நீளும். 'அன்' என்று முடிவது ஆகாரமாகும். தொலைவில் உள்ளவரைக் கூப்பிட்டால் ஓசை இயல்பான அளவைக் கடந்தும் நீளும் என்பதையும் அந்த நூல் குறித்து வைத்திருக்கிறது. உயர்திணைப் பெயர்களுக்கு விரிவாகச் சொன்ன இலக்கணம்தான் என்றாலும், வீட்டில் ஒருவராகிவிட்ட நாயையும் நாம் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

காரைக்கால் தலத்தெருவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு செவலைக் குட்டி வந்தது. வீரன் என்று வைக்க அந்த வீட்டு அம்மாவுக்கு ஆசை. "'ன்'ல முடிஞ்சா அதுக்குக் காதுல விழாதாம் அப்பாயி" என்று பேரன் தடுத்துவிட்டான். குட்டிக்கு ராக்கி என்று பெயர் வைத்தார்கள். வீரனை யாராவது 'வீரன்' என்று கூப்பிடுவார்களா? 'வீரா' என்றுதானே கூப்பிடுவார்கள்? கருப்பன் கருப்பாவாகும், வெள்ளையன் வெள்ளையாவாகும். மணி மணீயாகும். தடுப்பூசி அட்டையில் 'டைகர்' என்று எழுதிய நாயைத் தெருவில் 'டைகரு' என்கிறோம், ஜாக்கை 'ஜாக்கு' என்கிறோம். மெய்யெழுத்தில் முடியும் சொல்லோடு ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுவது நம் பேச்சு வழக்கம். பெயர்ப் பட்டியலில் தேடித் தேடி எடுத்த கடைசி எழுத்து நாயின் காதுக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை.

பெயர் தெரியாத நாயை நம் ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு 'தோ தோ தோ' என்பார்கள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அதில் ஈகாரம் எங்கே இருக்கிறது? இருப்பது குறுகிய ஓசை, அது அடுத்தடுத்து வருகிறது. பட்ரீசியா மெக்கானல் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர், பல மொழி பேசும் பயிற்சியாளர்கள் விலங்குகளுக்குக் கொடுக்கும் ஒலிகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். குறுகிய ஒலியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நாய் எழுந்து வர முனைகிறது, ஒரே ஒலியை நீட்டினால் வேகம் தணிந்து நிற்கிறது என்று 1990இல் எழுதினார். அந்தக் கணக்குப்படி 'லக்கீஈஈ' என்று இழுப்பதைவிட 'கருப்பா கருப்பா' என்று விரைந்து அழைப்பதே நாயை அருகே வரச் செய்யும். நம் பாட்டிமார் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பழகித் தெரிந்துகொண்டார்கள்.

தமிழ் மண்ணில் நாய்க்குப் பெயரிட்ட பழைய சான்று ஒன்று கல்லிலேயே இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் உள்ள நடுகல் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. எருமைக்காகப் போராடி இறந்த வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்கு அருகில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது: கோவிவன். னகர ஒற்றில் முடியும் பெயர். காதில் விழாத பெயரை வைத்துக்கொண்டா அந்த நாய் கள்ளரை மடக்கியது?

உலகம் முழுக்க நாய்ப் பெயர்கள் இப்படித்தானே முடிகின்றன என்பது இன்னொரு வாதம். அப்படி முடிவது பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களில்தான். ஜான் ஜானியாவது போல, தாமஸ் டாமியாவது போல, செல்லமாகச் சொல்லும்போது ஈகாரம் சேர்ப்பது ஆங்கிலேயர் வழக்கம். குழந்தைக்குச் செய்ததையே நாய்க்கும் செய்தார்கள், அவர்களிடமிருந்து அது நமக்கு வந்தது. ரஷ்யாவில் பல செல்லப் பெயர்கள் 'கா' என்று முடியும். 1957இல் விண்வெளிக்குப் போன லைகாவும், 1960இல் போய் உயிரோடு திரும்பிய பெல்காவும் ஸ்திரெல்காவும் அப்படித்தான். பிரெஞ்சு மொழியில் 1929இல் பிறந்த டின்டின் படக்கதையில் வரும் வெள்ளை நாய் மிலூ. அதே நாய் ஆங்கிலத்துக்கு வந்ததும் ஸ்னோவி ஆகிவிட்டது.

காரைக்கால்காரர்களுக்குப் பிரெஞ்சு வழக்கம் ஒன்றைச் சொன்னால் உடனே விளங்கும். 1739இலிருந்து 1954 வரை, இடையில் சில காலம் தவிர, பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது. பாரிஸில் உறவுக்காரர்கள் உள்ள வீடுகள் இன்றும் ஏராளம். பிரான்சில் நாய்ப் பெயருக்கு உண்மையிலேயே எழுத்து விதி உண்டு, ஆனால் அது முதல் எழுத்துக்கு. பதிவேட்டில் சேரும் தூய இனக் குட்டிகளுக்குப் பிறந்த ஆண்டைக் குறிக்கும் எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும். 2024க்கு 'வி', 2025க்கு மறுபடி 'ஏ'. கே, க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆகிய ஆறும் வரிசையில் இல்லை. குட்டியின் வயது பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்கான பதிவேட்டு ஏற்பாடு இது. நாயின் காதுக்காக வைத்த விதி என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

பெயர் இரண்டு அசையில் இருக்க வேண்டும் என்றும் ஓர் அறிவுரை சொல்கிறார்கள், அதில் ஓரளவு பொருள் உண்டு. நீளமான பெயரை நாமே சுருக்கிவிடுவோம், சுருக்குகிற ஆளுக்கு ஏற்ப அது மாறும். பெயரெண் பார்த்துக் கடைசி எழுத்தைக் கூட்டிக் குறைக்கிறவர்களுக்கு என்னிடம் பதிலில்லை, நாய்க்கு எண் கணிதம் தெரியாது.

நான் கண்டவரை நாயைக் குழப்புவது எழுத்தல்ல, வீட்டு மனிதர்கள். அப்பா 'டைகர்' என்பார், அம்மா 'டைகி' என்பார், பிள்ளை 'டேய் குட்டி' என்பான், தாத்தா 'ஏ நாயே' என்பார். நான்கு பெயருக்கு ஒரு நாய் எப்படித் திரும்பும்? இதைவிட மோசம், பெயரைச் சொல்லித் திட்டுவது. செருப்பைக் கடித்தாலும் பெயர், குளிப்பாட்டப் பிடித்து இழுக்கும்போதும் பெயர், கட்டிப்போடும்போதும் பெயர். பெயரைக் கேட்டாலே வேதனைதான் வரும் என்று கற்றுக்கொண்ட நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். அதைப் பார்த்து 'பேர் சரியில்ல, மாத்துங்க' என்கிறார்கள்.

ஆகவே உங்களுக்குப் பிடித்த பெயரை வையுங்கள். செவலை, கருப்பன், வீரன், ராமு, புலி, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் அதே பெயரைச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னவுடன் ஒரு துண்டு மீனோ, தலையில் ஒரு தடவலோ கொடுங்கள். கோபம் வந்தால் பெயரைச் சொல்லாதீர்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். தடுப்பூசி அட்டையில் பெயர் எந்த எழுத்தில் முடிந்தாலும் பரவாயில்லை, ஊசி போட்ட தேதி விடுபடாமல் இருக்கட்டும்.