நாயின் மரபணுவும் நமது அவசரமும்

வளர்ப்பு நாயின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதன் மரபணுக்களில் ஒளிந்திருக்கக்கூடிய நோய்களின் பட்டியல் சில வாரங்களில் கைக்கு வந்துவிடுகிறது. இதை வீண்செலவு என்று எள்ளுவோர் உண்டு. வேதவாக்காகக் கொள்வோரும் உண்டு. அப்பட்டியலின் எல்லா வரிகளுக்கும் மதிப்பு ஒன்றல்ல என்பதை இரு சாராருமே மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத வரி ஒன்று. கோலி இன நாய்களில் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து நஞ்சாவதைக் கால்நடை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். காரணம் 2001இல் தெரியவந்தது. எம்டிஆர்1 என்னும் மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தன. மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் புரதத்தை உருவாக்குவது இம்மரபணுதான். அப்புரதம் இல்லாத நாய்க்கு, சொறிநோய்க்குத் தரும் அளவே நடுக்கத்தையும் நினைவிழப்பையும், சமயங்களில் சாவையும் கொண்டுவந்துவிடும். சோதனையின் விடை தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியதும் தெளிவு: மருத்துவர் வேறு மருந்தைத் தேர்வார். அவ்வளவே.

நிற்க. எஸ்ஓடி1 என்பது இன்னொரு மரபணு. முதிய நாய்களின் பின்னங்கால்களை முடக்கும் தண்டுவட நோயோடு இதன் குறைபாட்டுக்கு உள்ள தொடர்பு 2009இல் வெளியாயிற்று. ஆனால் தாய்வழி, தந்தைவழி இரு பிரதிகளிலும் குறை கொண்ட நாய்களிலும் பல, அந்நோயைக் காணாமலே வாழ்ந்து முடிக்கின்றன. 2018இல் நேச்சர் இதழில் மூவர் எழுதிய கட்டுரையில், 13 வயதான பக் இன நாய் ஒன்றைப் பற்றிய செய்தி வருகிறது. நடை தளர்ந்து, சிறுநீரை அடக்க இயலாமற்போன அதற்குச் சோதனை செய்தபோது இக்குறை தென்பட்டது. இனி மீட்சியில்லை என்று நம்பிய உரிமையாளர்கள் கருணைக்கொலைக்கு உடன்பட்டனர். குணப்படுத்த வாய்ப்புள்ள வேறொரு முதுகெலும்புக் கோளாறாகவும் அது இருந்திருக்கலாம் என்பதே கட்டுரையாளர்களின் ஆதங்கம்.

ஆய்வகம் பொய் சொல்லவில்லை. 'வரக்கூடும்' என்ற சொல்லை வீட்டார் 'வந்துவிட்டது' என்று வாசித்துவிட்டனர். ஒரு வினைமுற்றைப் பிழையாக வாசித்ததில் ஓர் உயிர் போயிற்று. சொல்லையும் பொருளையும் பற்றி ஓயாமல் விவாதிக்கும் நாம் இதைச் சிறு பிழை என்று கடந்துபோக முடியாது.

இச்சோதனை மிகுந்த பயன் தருமிடம், குட்டி ஈன வைப்போரின் கை. இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் நோய்களில், ஒரு பிரதியில் மட்டும் குறையுள்ள நாயைக் குறையற்ற துணையோடு சேர்த்தால் குட்டிகள் எதற்கும் அந்நோய் வராது. அத்தகைய நாய்களை எல்லாம் ஒதுக்கித்தள்ளினால் இனத்தின் மரபு வளம் குறுகி, வேறு நோய்கள் தலைதூக்கும். ஒதுக்குவதற்கன்று, பொருத்தம் பார்ப்பதற்கே இச்சோதனை.

ஆகவே சோதனை வேண்டாம் என்பதன்று என் வாதம். மாதிரியை அனுப்புமுன், "இந்த விடை வந்தால் என்ன செய்வோம்?" என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பதில் இருக்கும் கேள்விகளுக்குப் பணம் செலவழிப்பதில் தவறில்லை. பதிலற்ற கேள்விகளின் விடைத்தாளோ அச்சத்தை மட்டுமே தரும்; அந்த அச்சத்துக்கு விலை கொடுப்பது வாயில்லா உயிர்.