இணையத்துக்கும் ஒரு நூலகர் வேண்டும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924-ஆம் ஆண்டு பொறுப்பேற்ற சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், அதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்தவர். புஸ்தகங்களைப் பத்திரமாகப் பூட்டிவைப்பதே நூலகரின் உத்தியோகம் என்று பலரும் எண்ணியிருந்த அந்நாளில், நூலகத்துக்கென ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் அவர் பிரசுரித்த நூல், உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் பாடம் கேட்கும் நூலாக நிலைபெற்றது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவ்வைந்தில் நான்காவது விதி. பௌதிகமோ ரசாயனமோ பயிலும் ஒருவர் இணையத்தில் இன்று படும் சிரமத்தைப் பார்க்கையில், மற்ற நான்கு விதிகளும் அங்கே ஒருவாறு நிறைவேறிவிட்டன என்றும், இந்த நான்காவது மாத்திரம் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்றும் சொல்லத் தோன்றுகிறது.

விஷயம் கிடைக்கவில்லை என்ற குறை இப்போது யாருக்கும் இல்லை. தருமபுரியிலோ திருவாரூரிலோ பி.எஸ்ஸி. படிக்கும் ஒரு மாணவி ‘வெப்ப இயக்கவியல்’ என்று கைப்பேசியில் தட்டினால், நுழைவுத்தேர்வுக்கு வேண்டிய சூத்திரங்களைப் பத்து நிமிஷத்தில் உருப்போட வைக்கும் பயிற்சியாளரின் காணொளியும், ஒரு பருவம் முழுவதும் பேராசிரியர் ஒருவர் நிதானமாக நிகழ்த்திய விரிவுரைத் தொடரும், எரிபொருளே இல்லாமல் என்றென்றும் சுழலும் யந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக உரிமை கொண்டாடுபவரின் செயல்விளக்கமும், ஒரே அளவுள்ள சதுரங்களாக ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன. அவள் எந்த ஆண்டு மாணவி, பகுதி வகைக்கெழு அவளுக்குத் தெரியுமா, நாளைக்குத் தேர்வா அல்லது மெய்யாகவே விஷயம் புரிய வேண்டுமென்ற ஆவலா என்பதெல்லாம் தேடுபொறிக்குத் தெரியாது. பலர் எதைப் பார்த்தார்களோ அதைப் பெரும்பாலும் முன்னே கொண்டுவந்து வைப்பது அதன் சுபாவம். வெப்ப இயக்கவியலின் விதிகளையே மீறுகிற அந்த யந்திரத்துக்கும் பார்வையாளர் ஏராளம்.

நல்லவை இல்லாமலில்லை. ரிச்சர்ட் ஃபைன்மன் 1961 முதல் 1963 வரை கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிலையத்தில் இளநிலை மாணவர்களுக்கு நிகழ்த்திய விரிவுரைகள் மூன்று தொகுதிகளும் இப்போது இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் செவ்வியல் பௌதிகத்தையும் குவாண்டம் பௌதிகத்தையும் பலகையில் வரிவரியாக எழுதி விளக்கிய வகுப்புகள், ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தின் வாயிலாக எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. ஆயினும் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சிபாரிசு செய்வது முறையன்று என்பது என் அபிப்பிராயம். ஃபைன்மனின் விரிவுரைகள், ஒரு விஷயத்தை ஒருமுறை சாதாரணப் பாடநூலில் கற்று, கணக்குகளைப் போட்டுப் பார்த்து, ஆனாலும் ஏதோ ஒன்று பிடிபடவில்லையே என்ற அதிருப்தியோடு வருபவருக்கு அமிர்தம். முதன்முதலாகக் கற்கும் மாணவருக்கோ, படிக்கும்போது எல்லாம் விளங்கியதுபோல் தோன்றி, புஸ்தகத்தை மூடியதும் ஒரு கணக்கும் போட வராத நிலையைத் தரக்கூடியவை. பாலகிருஷ்ணனின் வகுப்பு அப்படியல்ல. பேனாவும் தாளுமாக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கூடவே எழுதி வருபவருக்கு அது சொந்தக் கல்லூரியில் கிடைக்காத ஓர் ஆசிரியரையே தந்துவிடுகிறது. எது யாருக்கு, எப்போது என்று சொல்லாத சிபாரிசு, சிபாரிசு செய்யாததற்குச் சமானம்.

விரிவுரைகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இணையத்தின் மெய்யான ஐசுவரியம் விரிவுரைகளில் இல்லை. நமது கல்லூரிகளின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் இருட்டறைக்குள் எரியும் சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தை அறியாத பி.எஸ்ஸி. மாணவர் இருக்க மாட்டார். நிறமாலைமானியில் கீற்றணியை வைத்து, வெர்னியரைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக் கோணத்தைக் குறித்து, அலைநீளத்தைக் கணக்கிட்டு, ஏறக்குறைய 5893 ஆங்ஸ்ட்ராம் வந்துவிட்டால் நிம்மதிப் பெருமூச்சு விட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறோம். வராவிட்டால் வரும்படி செய்துவிடுகிற சாமர்த்தியமும் நம்மிடம் உண்டு. அந்த 5893 எங்கிருந்து வந்தது, யார் அளந்தார்கள், எவ்வளவு நிச்சயமாக அளந்தார்கள் என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் இணையத்தில் வைத்துள்ள அணு நிறமாலைத் தரவுத்தளத்துக்குச் சென்று சோடியம் என்று தேடினால், அங்கே ஒரு கோட்டுக்குப் பதிலாக 588.995 நானோமீட்டரிலும் 589.592 நானோமீட்டரிலும் இரண்டு கோடுகள் தெரிகின்றன. நாம் எழுதிவந்த எண் இவ்விரண்டின் சராசரி. ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே, எந்தச் சக்தி நிலையிலிருந்து எந்த நிலைக்கு எலக்ட்ரான் இறங்குகிறது என்பதும், அத்தகைய மாற்றத்தின் நிகழ்தகவும், அந்த எண்ணுக்கு ஆதாரமான ஆய்வுக் கட்டுரையின் சுட்டும் காணப்படுகின்றன. இவற்றைக் கண்டபின் மறுபடி நிறமாலைமானியின் முன் உட்காரும் மாணவர், இரண்டாம் வரிசை நிறமாலையிலாவது அவ்விரு கோடுகளும் பிரிந்து தெரிகின்றனவா என்று தாமாகவே பார்க்க ஆரம்பிப்பார். பாடநூல் தன் எண்ணை நம்பச் சொல்லுகிறது. இந்தப் பட்டியலோ, தன்னை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

விஞ்ஞானத்துக்கான ஓர் இணையதளம் நல்லதா அல்லவா என்று தீர்மானிக்க இதைவிடச் சிறந்த உரைகல்லை நான் அறியேன்: தான் சொல்லும் எண்ணுக்கும் கூற்றுக்கும் அது ஆதாரம் காட்டுகிறதா, தன் நிச்சயமின்மையை ஒப்புக்கொள்ளுகிறதா? கேட்ட மாத்திரத்தில் சரளமாக விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளையும் இந்தக் கல்லிலேயே உரைத்துப் பார்க்கலாம். காலத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்னஞ்சிறு சோதனை ஒன்றும் உண்டு. பாரிஸ் நகரை அடுத்து வைக்கப்பட்டுள்ள பிளாட்டினம்-இரிடியம் உருளையே கிலோகிராமின் இலக்கணம் என்று ஒரு தளம் இன்றைக்கும் சொல்லுமானால், 2019-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதிக்குப் பிறகு அதை யாரும் திருத்தவில்லை என்று முடிவு கட்டிவிடலாம். அன்று முதல் கிலோகிராம், பிளாங்க் மாறிலிக்கு நிர்ணயிக்கப்பட்ட மதிப்பைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது.

ஆதாரம் என்றதும் நம் ஊர்ச் செல்வம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1899-இல் ஸ்தாபிக்கப்பட்ட கோடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துத் தொகுத்து வந்திருக்கிறது. கரும்புள்ளிகளின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் அங்கேதான் கண்டறிந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்த ஒளிப்படங்கள் கணினி வடிவம் பெற்று, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வாயிலாகப் பொதுமக்களுக்குக் கிடைக்கின்றன. கோடைக்கானலுக்குச் சுற்றுலா போய், ஏரியில் படகு விட்டு, சாக்லேட் வாங்கித் திரும்பும் எத்தனையோ கல்லூரிக் குழுக்களில், இந்தப் படங்களில் இரண்டையேனும் வகுப்பறையில் திறந்து பார்த்தவை எத்தனை இருக்கும்? அடுத்தடுத்த நாட்களில் எடுத்த சில படங்களை வரிசையாக வைத்து, ஒரு கரும்புள்ளி வட்டத்தட்டின் குறுக்கே எவ்வளவு நகர்ந்தது என்று அளவுகோலால் அளந்து, தட்டையான படத்திலுள்ள தூரத்தைக் கோளத்தின் மேலுள்ள கோணமாக மாற்றினால், நாளொன்றுக்கு 13 பாகைக்குச் சற்று மேல் வரும். 360-ஐ அதனால் வகுத்தால், பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன் ஏறக்குறைய 27 நாட்களில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்ற முடிவுக்கு, பள்ளிக்கூடத்து முக்கோணவியலையன்றி வேறொன்றும் அறியாத மாணவரும் வந்துவிடுவார். மத்தியரேகையை அடுத்த புள்ளியையும், சற்று விலகியுள்ள புள்ளியையும் அளந்தால் இரண்டுக்கும் விடை சிறிது வேறுபடும். தம் அளவையில்தான் பிழை என்று எண்ணி அதை அழித்துவிடாமல், சூரியன் திடப்பொருளாக இல்லாததால் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் சுழலவில்லை என்பதை ஒரு மாணவி தன் கையாலேயே கண்டுகொள்வாளானால், அந்த ஒரு பிற்பகலுக்கு நூறு காணொளிகள் ஈடாகா.

இதே இனத்தைச் சேர்ந்தவை ராமனின் ஆய்வுக் கட்டுரைகளும், இந்திய விஞ்ஞான அகாதெமி 1996 முதல் மாணவர்களுக்கென்றே வெளியிட்டு வரும் ‘ரெஸனன்ஸ்’ மாதப் பத்திரிகையின் பழைய இதழ்களும். இவையும் இலவசமே. பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ என்ற கட்டுரைக் களஞ்சியத்தை முதுநிலை மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் அங்கே வருவன சக அறிஞர்களின் பரிசீலனைக்கு முன்பே வெளியாகும் பிரதிகள் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த ‘ஃபெட்’ என்ற மாதிரிச் சோதனைத் தொகுப்பை அநேக ஆசிரியர்கள் இப்போது வகுப்பில் பயன்படுத்துகிறார்கள். சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. மின்சுற்றைத் திரையிலேயே கட்டி, மின்னோட்டம் பாய்வதைக் கண்ணால் காணுவதற்கு இதைப்போல் வேறொன்றில்லை. எனினும் உபகரணம் வாங்கப் பணமில்லாத கல்லூரிகள் இதையே ஆய்வுக்கூடத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று சில நிர்வாகங்கள் எண்ணத் தலைப்பட்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை. மின்னழுத்தமானியில் கம்பியின் எந்த முனையில் தொட்டாலும் கால்வனாமீட்டரின் முள் ஒரே பக்கமாகவே விலகுகிறது, மாணவர் விழிக்கிறார், ஆய்வுக்கூட உதவியாளர் வந்து, தளர்ந்திருந்த ஒரு திருகை இறுக்கியும், துருவேறிய கம்பி முனையை மணல்தாளால் தேய்த்தும், துருவத்தை மாற்றி இணைத்தும் சரிசெய்துவிட்டுப் போகிறார். அந்தக் கால்மணி நேரத்தில் கிடைத்த பாடம் திரையில் ஒருபோதும் கிடைக்காது. ஏனெனில் திரையிலுள்ள திருகு தளர்வதில்லை.

இவ்வளவும் ஆங்கிலம் அறிந்தவருக்கன்றோ என்ற ஆட்சேபம் நியாயமானதே. டச்சு விஞ்ஞானி ஹெரார்ட் ட ஹூஃப்ட், நல்ல சித்தாந்தப் பௌதிக அறிஞராவது எப்படி என்று விளக்கித் தம் இணையப் பக்கத்தில் வெளியிட்ட பாடவரிசையில், கணிதத்துக்கும் முன்னதாக முதற்படியில் வைத்திருப்பது ஆங்கிலத்தையே. அவர் தாய்மொழியும் ஆங்கிலமன்று. ஆனால் அவர் நாட்டு மாணவருக்கு எளிதான அந்தப் படி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே ஆங்கில விரிவுரையில் மூழ்கித் தத்தளிக்கும் நம் மாணவருக்கு மதிலாக நிற்கிறது. இவர்களுக்கு இணையத்தில் உடனடியாகக் கைகொடுக்கக்கூடியது, வியப்பாக இருந்தாலும், தமிழக அரசின் மேல்நிலைப் பாடநூலே. தமிழ் வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் கட்டணமின்றிப் பதிவிறக்கி, ஒரே அத்தியாயத்தை இரண்டிலும் அடுத்தடுத்து வாசித்தால், கருத்து ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி மாத்திரம் புதிதாக வரும். கோடை விடுமுறை ஒன்றில் இதை ஒழுங்காகச் செய்து முடித்தவர் விரிவுரைகளைப் பின்தொடரத் தடுமாற மாட்டார். என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்துவடிவமும் கிடைக்கிறது என்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

தெரியாது என்பதுதான் விவகாரத்தின் வேர். ட ஹூஃப்ட் போன்ற ஒருவர் போட்டுத் தந்த பாதை ஒன்றிருக்கிறது. ஆனால் அது நமது பாடத்திட்டத்துக்கோ, நமது மாணவரின் ஆரம்ப நிலைக்கோ ஏற்றதன்று. தவிரவும் இணையப் பட்டியல்கள் வெகு விரைவில் மூப்படைகின்றன. ஜாவாவிலும் ஃபிளாஷிலும் எழுதப்பட்டு ஒரு காலத்தில் ஆசிரியர்கள் கொண்டாடிய மாதிரிச் சோதனைகளில் பெரும்பாலானவை, உலாவிகள் அவற்றைக் கைவிட்டதும் வெற்றுச் சதுரங்களாகிவிட்டன. ஃபிளாஷுக்கு 2020-ஆம் ஆண்டோடு ஆயுள் முடிந்தது. ஆகவே ஒருமுறை தொகுத்து அச்சிட்டுவிட்டால் போதாது. தொடர்ந்து பேணுகிறவர் ஒருவர் வேண்டும்.

அப்படிப்பட்டவர் ஒவ்வொரு கல்லூரியிலும் ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார்: நூலகர். அவரையும் பௌதிகத் துறையின் ஆசிரியர் ஒருவரையும் சேர்த்து உட்காரவைத்து, பாடத்திட்டத்திலுள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஒரு விரிவுரைத் தொடர், ஒரு புஸ்தகம், கணக்குகளுக்கு ஓரிடம், தரவுகளுக்கு ஓரிடம் என்று நான்கை மாத்திரம் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். நான்குக்கு மேல் அனுமதிக்கலாகாது. ஏனெனில் நாற்பது இணைப்புகள் கொண்ட பட்டியல் தேடுபொறியின் வேலையையே மறுபடி செய்கிறது. ஒவ்வொன்றின் கீழும், இது எந்த நிலை மாணவருக்கு, இதற்கு முன் என்ன கணிதம் தெரிந்திருக்க வேண்டும், எங்கே தட்டுப்படும் என்று தமிழில் மூன்று வரியும், எந்த மாதத்தில் யார் திறந்து சரிபார்த்தார் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். ரசாயனத் துறையும் இதையே செய்யலாம். கொதிநிலை, ஆவியழுத்தம் முதலிய தரவுகளுக்கு முன் சொன்ன அதே அமெரிக்க நிறுவனத்தின் ரசாயனத் தளம் கைவசம் இருக்கிறது. கல்லூரிகள் தயாரிக்கும் பட்டியல்களை ஓரிடத்தில் திரட்டிவைக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தைவிடப் பொருத்தமான ஸ்தாபனம் வேறில்லை.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம் என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். அது உண்மையே, யாரும் திரும்பிப் பாராத படிவங்களை நிரப்புவதிலேயே அவர்களுடைய பொழுதில் பெரும்பகுதி கழிகிறது. பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில், பெயருக்கு நடக்கும் கருத்தரங்கில் வாசித்த கட்டுரைக்குப் புள்ளி தரும் உயர்கல்வித் துறை, ஒரு தாளுக்கான வழிகாட்டியைத் தயாரித்து இரண்டாண்டு பேணியவருக்கும் அதே புள்ளியைத் தரலாம். அதற்கு ஓர் அரசாணை போதும், நிதி ஒதுக்கீடு வேண்டாம். எல்லாத் தாள்களுக்கும் ஒரேயடியாகச் செய்ய வேண்டுமென்பதில்லை. முதலாண்டு இயந்திரவியலிலும் வெப்பவியலிலும் தொடங்கினால், அடுத்த ஜூனில் கல்லூரி திறக்கையில் அவ்விரு பட்டியல்களையும் நூலகத்து வாசலில் ஒட்டிவிடலாம்.