தியேட்டர் காலியாகக் கிடந்தால் நஷ்டமா?

"ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கவில்லையா? தியேட்டர் போதவில்லை, இன்னும் இரண்டு கட்டுங்கள். இருப்பதை ஒரு நிமிடம்கூடக் காலியாக விடாதீர்கள்." மருத்துவமனை நிர்வாகத்தில் இந்த வாதத்துக்கு எதிர்ப்பேச்சே கிடையாது. கணிதம் என்று யாராவது வாயெடுத்தால், "உடம்பு உங்கள் கணக்குக்குக் கட்டுப்படுமா?" என்று அடக்கிவிடுவார்கள்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் 32 தியேட்டர்களும் அப்படித்தான் நிரம்பி வழிந்தன. விபத்தில் சிக்கிய ஒருவர் வந்தால், காலையிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்த நோயாளியைத் தள்ளிவைக்க வேண்டும்; மருத்துவர்கள் நள்ளிரவு தாண்டியும் தியேட்டரில் நிற்க வேண்டும். 2002 வாக்கில் ஆலோசகர் ஒருவர் ஒரு தியேட்டரை அவசரத்துக்கென்றே காலியாக வைக்கச் சொன்னார். இடமே போதாதபோது இதென்ன கூத்து என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் வைத்துப் பார்த்தபோது அறுவைகள் சுமார் 5 சதவீதம் கூடின; பிற்பகல் 3 மணிக்கு மேல் நடப்பவை 45 சதவீதம் குறைந்தன. இன்றைக்கு யார் அடிபடுவார் என்று எவராலும் சொல்ல முடியாது. மாதத்துக்குச் சுமாராக எத்தனை பேர் வருவார்கள் என்பதைப் பழைய பதிவேடே சொல்லிவிடும்.

அப்படியானால் எல்லா ஊரிலும் ஒன்றைப் பூட்டி வைத்துவிடலாமா? கூடாது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் எராஸ்மஸ் மருத்துவமனையை வைத்துக் கணினியில் நடத்திப் பார்த்த ஆய்வு (2007) நேர்மாறாகச் சொன்னது. அவசரத்துக்குத் தனி தியேட்டர் வேண்டாம், எல்லாத் தியேட்டர்களிலும் கொஞ்சம் நேரத்தை ஒதுக்குங்கள் என்றது. அந்தக் கணக்கில் அவசர நோயாளியின் சராசரிக் காத்திருப்பு 74 நிமிடத்திலிருந்து 8 நிமிடமாக இறங்கியது. பல தியேட்டர்கள் இருந்தால் ஏதோ ஒன்றில் அறுவை முடியும் தறுவாயில் இருக்கும் அல்லவா? ஊருக்கு ஊர் விடை மாறுகிறது. மூச்சுவிட இடம் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

உடம்பு கட்டுப்படாதுதான். அந்தக் கட்டுப்படாமைக்கும் ஒரு வடிவம் உண்டு. 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்தபோது தெரிந்தது இது: குறித்த நேரத்தைவிட வெகுநேரம் இழுக்கலாம், ஆனால் ஓரளவுக்குமேல் சுருங்காது. அதனால் கண்புரை போல நேரம் சொல்லக்கூடியவற்றைக் காலையில் முடித்துவிட்டு, வயிற்றைத் திறந்தால்தான் தெரியும் என்கிற கட்டியைப் பிறகு வைப்பது பெரும்பாலும் நல்லது. கட்டி முதலில் வந்து இரண்டு மணி நேரம் இழுத்தால், அன்றைய வரிசை மொத்தமும் சரியும்.

கணினி மருத்துவர்களின் உரிமையைப் பறிக்கும் என்பது இன்னொரு பயம். டொரன்டோவின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் ஐந்து அறுவைத் துறைகளுக்குத் தியேட்டர் நேரத்தைப் பல ஆண்டுகள் கணித மாதிரிதான் பிரித்துக் கொடுத்தது. எது நியாயமான பங்கு என்பதை மனிதர்கள்தான் வகுத்தார்கள். அட்டவணை சீக்கிரம் கிடைத்தது, நிர்வாகச் செலவும் குறைந்தது.

மயக்க மருந்து நிபுணரே இல்லாத இடத்தில் எந்தச் சூத்திரமும் உதவாது; அங்கே ஆள் கேட்பதுதான் நியாயம். புதிய தியேட்டர் கேட்டுக் கோப்பு அனுப்புகிறவர்கள், இருக்கிற தியேட்டர்களின் கடந்த ஓராண்டுப் பதிவேட்டையும் அதோடு இணைத்து அனுப்பட்டும்.