எட்டு பவுண்டு கோட்டு

ஊரைவிட்டுக் கிளம்பும்போது எனக்கு இரண்டு விஷயங்கள் நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒன்று, இங்கிலீஷ். இன்னொன்று, பெருக்கல் வாய்ப்பாடு. கிளாஸ்கோவில் இறங்கின முதல் நாளே முதல் விக்கெட் அவுட்.

2013 செப்டம்பர். திருச்சியில் பி.காம். முடித்துவிட்டு ஒரு வருஷ எம்.எஸ்ஸி. படிக்க ஸ்காட்லாந்து போயிருந்தேன். ஹாஸ்டல் வாசலில் நின்ற வயதான போர்ட்டர் என்னைப் பார்த்து, "ஹவ் யெ கெட்டின் ஆன், சன்?" என்றார். கெட்டின் ஆன் என்றால் ஏறுவதுதானே? "ஏறி, இறங்கியும் ஆச்சு சார். பஸ்லதான் வந்தேன்" என்று இங்கிலீஷில் பணிவாகச் சொன்னேன். மனுஷர் சௌக்கியமா என்று விசாரித்திருக்கிறார்! ஒரு விநாடி யோசித்துவிட்டு, ஐஸ்கிரீமைப் பார்த்த குழந்தை மாதிரி "ஐ, ஐ" என்றார். அந்த ஊரில் 'ஐ' என்றால் 'ஆமாம்' என்பது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

வாய்ப்பாடு மட்டும் கைவிடவில்லை. அந்தச் சமயம் ஒரு பவுண்டு ஏறக்குறைய நூறு ரூபாய். ரெண்டு சைபர் போட்டால் முடிந்தது. டீ ஒன்றரை பவுண்டு என்றான். நூற்றைம்பது ரூபாய்! மெயின்கார்டு கேட்டில் மூன்று வாரம் டீ குடிக்கலாமே சார்! குடிக்காமல் வந்துவிட்டேன். இன்னொரு கடையில் மீதி கொடுத்த நோட்டில் ராணியையே காணோம். கள்ள நோட்டு என்று பதறிப்போனேன். ஸ்காட்லாந்தில் மூன்று தனியார் வங்கிகள் சொந்தமாக நோட்டு அடிக்கின்றன என்பதை பி.காமில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கணக்குப் பார்க்கக் காரணம் இருந்தது. படிப்புக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பாங்க்கில் சொத்து ஈடு கேட்பார்கள். ஏழரை என்றாலே நமக்குச் சனிதானே! அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போடும் நேரத்தில் பேனா எழுதவில்லை. உதறி உதறிப் பார்த்தார். கடைசியில் மானேஜர் தன் பேனாவைக் கொடுத்தார். அந்த உதறல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. போதாக்குறைக்கு, படித்து முடித்தவர்கள் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்க அனுமதித்த விசாவை 2012 ஏப்ரலிலேயே ரத்து செய்திருந்தார்கள். (2021-ல் வேறு பெயரில் திரும்ப வந்தது. எனக்கு என்ன பிரயோஜனம்?)

ஊர் என்னவோ பிடித்துத்தான் போயிற்று. பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். வெலிங்டன் பிரபு குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் சிலையின் தலையில், ரோட்டில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்பு ஒன்று தொப்பி மாதிரி! எடுக்க எடுக்க யாராவது திரும்ப மாட்டிவிடுகிறார்களாம். 1896-லிருந்து ஓடும் சுரங்க ரயில் வேறு. மொத்தம் பதினைந்து ஸ்டேஷன், ஒரே வட்டம். எந்தப் பக்கம் ஏறினாலும் வீடு வந்து சேரும். தப்பான பக்கம் ஏறினால் கொஞ்சம் லேட், அவ்வளவுதான். என்னை மாதிரி ஆளுக்கென்றே கட்டியிருக்கிறார்கள்.

குளிர்தான் வில்லன். ஏர்போர்ட்டில் அப்பா, "இதுல நல்ல கோட்டா ஒண்ணு வாங்கிக்கோ" என்று தனியாக நூறு பவுண்டு கொடுத்திருந்தார். என் காமர்ஸ் மூளை, குளிர் என்பது கன்டின்ஜென்ட் லயபிலிட்டி, வரலாம், வராமலும் போகலாம் என்று கணக்குப் போட்டது. நூறு பவுண்டு வாடகைக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா, "கோட்டு வாங்கிட்டியாடா?" என்றார். "வாங்கிட்டேன்பா. சூப்பரா இருக்கு." இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சொன்ன பொய்.

அக்டோபர் கடைசி ஞாயிறு ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியது. அன்றைக்கு ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்டிவிட்டது. டிசம்பரில் மூணே முக்காலுக்கே சூரியன் ஷட்டரை இறக்கிவிடும். ஒப்பந்தம் இல்லாத ஊழியர்!

நவம்பரில் ஒரு ராத்திரி, பதினோரு மணி. ரசம் சாப்பிட்டே தீரவேண்டும் என்று ஒரு வெறி. எண்ணெய் காய்ந்தது. கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம் போட்டேன். நெடி தாங்காமல் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டேன். அங்கேதான் தப்பு. புகையைக் கண்டால் கத்துகிற மெஷின் காரிடாரில் இருந்தது.

கத்தியது. ஏழு மாடியும் கத்தியது. விதிப்படி எல்லாரும் தெருவுக்கு வந்தாக வேண்டும். தலையில் துண்டு கட்டின சீனப் பெண், பல் தேய்த்துக்கொண்டிருந்த நைஜீரியப் பையன், கையில் கரண்டியோடு லுங்கியில் நான். சைரனோடு தீயணைப்பு வண்டி வேறு வந்து நின்றது. எனக்குப் பல் தந்தியடித்தது. போர்ட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோட்டு எங்கே, சன்?"

"இல்லை சார்."

"இல்லைன்னா? ரூம்ல இருக்கா?"

"இல்லவே இல்லை சார்."

அப்பாவிடம் சொல்லாத நிஜத்தை முதன்முதலில் அவரிடம்தான் சொன்னேன். அவர் தன்னுடைய பளபளக்கும் மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். அதைப் பார்த்து என்னை ஹாஸ்டல் சிப்பந்தி என்று நினைத்த தீயணைப்பு வீரர் நேராக என்னிடம் வந்து, "எந்த மாடி? காரணம் தெரிந்ததா?" என்றார். கரண்டியைக் காட்டினேன்.

மறுநாள் போர்ட்டர் ஒரு துண்டுச் சீட்டில் 'பைர்ஸ் ரோட்' என்று எழுதிக் கொடுத்தார். அங்கே தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் பழைய துணிக் கடைகள் வரிசையாக இருந்தன. கறுப்புக் கம்பளிக் கோட்டு, முழங்கால் வரை. எட்டு பவுண்டு. பாக்கெட்டில் யாரோ விட்டுப்போன ஒரு இருமல் மிட்டாய்கூட இருந்தது. இலவச இணைப்பு!

ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எட்டு போனா மீதி தொண்ணூத்திரண்டு எங்கேடா?"

"வாடகைக்குப்பா."

மறுபடி அமைதி. "நம்ம வீட்ல யாரும் அடுத்தவா போட்டதைப் போட்டதில்லே..." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நன்னா துவைச்சுப் போட்டுக்கோ. அம்மாகிட்டே புதுசுன்னே சொல்லு. பணம் வேணும்னா கேளேன்டா. கேக்கமாட்டியா?"

டிசம்பரில் ஒரு ரெஸ்டாரன்டில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. மணிக்கு 6 பவுண்டு 31 பென்ஸ், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. ரெண்டு சைபர் போட்டுப் பார்த்துக்கொண்டே கழுவினேன்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பினேன். கடன் 2021-ல் ஒருவழியாக அடைந்து, பத்திரம் பீரோவுக்குத் திரும்பி வந்தது. கோட்டும் அதே பீரோவில் அந்துருண்டை வாசனையோடு கிடந்தது. மார்கழி வந்தால் அதை அப்பா எடுத்து மாட்டிக்கொள்கிறார். திருச்சியின் இருபது டிகிரி 'கடுங்குளிருக்கு' வேட்டிமேல் முழங்கால் வரை கம்பளிக் கோட்டு! பால் வாங்கப் போகிற வழியில் டீக்கடைக்காரர் தினம் ஒரு தடவையாவது அதைத் தொட்டுப் பார்த்து, "என்ன சாமி, ஃபாரினா? என்ன விலை?" என்கிறார்.

"ஸ்காட்லாந்து. பையன் வாங்கினது" என்கிறார் அப்பா. "நூறு பவுண்டு!"