பற்று எழுதினோம், வரவு எங்கே?

முத்துப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் போன மாதம் ஒரு சண்டை. வேனும் பைக்கும் லேசாக உரசிக்கொண்டன. நஷ்டம் ஒரு கீறல்தான். ஆனால் இருவரும் மாற்றி மாற்றித் திட்டியது, அந்த இடத்திலேயே இல்லாத இரண்டு தாய்மார்களை. 'தே'யில் ஆரம்பிக்குமே, அந்த வார்த்தை. கூடவே ஒரு 'மகனே'. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வார்த்தையின் பூர்வீகம் தெரியுமா? 'தேவரடியார்'. நாயன்மாரை 'அடியார்' என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதே அடியார் பெண் என்றால் வசவு!

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் கல்வெட்டைப் பாருங்கள். 1,000 ஆண்டுகளுக்கு முன், 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை ராஜராஜன் வெட்டிவைத்தான். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதுவரை. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நம் திருவாரூரிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அது பொற்காலம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. பின்னாளில் சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டி, பணக்காரர்களின் உடைமையாக்கிய கொடுமையும் இதே மண்ணில்தான் நடந்தது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் அதைத் தடை செய்தது. வழக்கம் ஒழிந்தது, வசவு ஒழியவில்லை.

இங்கிலீஷ்காரன் மட்டும் யோக்கியனா? 2023இல் உச்ச நீதிமன்றம் ஒரு கையேடு வெளியிட்டது. தீர்ப்புகளில் தவிர்க்க வேண்டிய சொற்களில் 'ஹூக்கர்', 'ஹார்லட்' எல்லாம் இருந்தன. 'ஹார்லட்'டுக்கு அது சொன்ன மாற்றுச் சொல் என்ன தெரியுமா? 'பெண்'. அவ்வளவுதான்!

நான் பி.காம். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம். வாங்க ஆளில்லாமல் விற்பனை ஏது சார்? வாங்கியவனுக்கு நம் பாஷையில் என்ன வசவு? யோசித்துப் பார்த்தேன். 'மைனர்'! அது திட்டா? செல்லப் பெயர். கழுத்தில் அவன் போட்டதை 'மைனர் செயின்' என்று கேட்டு வாங்கி நாமும் போட்டுக்கொள்கிறோம். அவளுக்கு வசவு, அவனுக்கு நகை. இது என்ன கணக்கு?

திருவாரூரில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்தவர். 1936இல் அவர் எழுதிய நாவலின் பெயர், 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'.

அந்த மைனருக்கு அப்போதே மதி வந்துவிட்டது. நமக்கு?