மணத்துக்குக் கீழே தேயிலை

தேயிலைக்கு மணமூட்ட மூன்று வழிகள் உண்டு. ஏலக்காய், பட்டை, துளசி போன்றவற்றை உலர்ந்த இலையோடு கலப்பது ஒன்று. எண்ணெயையோ எசன்ஸையோ இலைமீது தெளித்து ஊறவிடுவது இன்னொன்று. பெர்கமாட் என்னும் நாரத்தை இனத் தோல் எண்ணெய் சேர்ந்த ஏர்ல் கிரே இவ்வகை. கொதிக்கும் டிகாஷனில் இஞ்சியைத் தட்டிப் போடுவது மூன்றாவது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் டீக்கடைகளுக்குப் பழகியது இதுதான். பால் சேர்த்தால் அதன் புரதம் துவர்ப்பை அடக்கிவிடும். எனவே மணமூட்டிய தேயிலையின் தரத்தைப் பால் இல்லாமல் குடித்துத்தான் எடைபோட முடியும்.

அடித்தளமான தேயிலையே முதலில் கவனிக்க வேண்டியது. குன்னூர் ஏலத்துக்கு வரும் நீலகிரித் தேயிலையில் பெரும்பகுதி சி.டி.சி. வகை: நசுக்கி, கிழித்து, சுருட்டிய குருணையும் தூளும். சாயம் சீக்கிரம் இறங்கும், துவர்ப்பும் அழுத்தமாக இருக்கும். இஞ்சி, ஏலக்காயின் வேகத்துக்கு இது ஈடுகொடுக்கும். பெர்கமாட்டின் மென்மையோ அதில் அமுங்கிப்போகும். அதற்கு முழு இலை ஆர்த்தடாக்ஸ் தேயிலையே பொருத்தம். உறைபனிக் காலத்தில் பறிக்கும் நீலகிரி இலைக்கு இயற்கையாகவே பூமணம் உண்டு. அதன்மேல் எசன்ஸ் தெளிப்பது நல்ல இலையைப் பாழாக்கும் வேலை.

சுவைபார்க்க ஐ.எஸ்.ஓ. 3103 என்ற பன்னாட்டு முறை இருக்கிறது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடிய பீங்கான் பாத்திரம், 6 நிமிடம். உலர்ந்த இலை, ஊறிய இலை, சாறு என்ற வரிசையில் முகர்ந்து பார்த்து, சாற்றை ஓசையெழ உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது சாறு துளிகளாகச் சிதறி, மணம் வாயின் பின்புறம் வழியாக மூக்கை எட்டுகிறது. தெளித்த மணம் பொட்டலத்தைப் பிரித்ததும் தூக்கலாக அடித்து, கோப்பையில் பெரும்பாலும் மெலிந்துவிடும். சூடு ஆறிய பிறகும் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். மட்டமான தூளை மறைக்கவே மணம் சேர்த்திருந்தால், ஆறிய சாற்றில் வெறும் கசப்பு மேலே வரும். ஆறியபின்னும் மணத்துக்குக் கீழே தேயிலையின் சுவை தெரிவதே நல்ல சரக்கு. பல வகைகளை ஒரே அமர்வில் பார்க்கும்போது இஞ்சியைக் கடைசியில் வைப்பது முறை. அதன் காரம் நாவில் தங்கிவிடும். இடையிடையே வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் உப்பில்லாத பொரியும் நாவைத் தெளியவைக்கும்.

தேயிலைக்கு இணையாக முடிவைத் தீர்மானிப்பது தண்ணீர். பாறை நிலத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பது வழக்கம். அந்நீரில் போட்ட பால் இல்லாத டீ மங்கலாகி, மேலே மெல்லிய ஆடை படியும். கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சேர்மங்களுடன் காற்றுப்பட்டுச் சேர்வதால் வருவது அது, தேயிலையின் குற்றமில்லை. அதே தேயிலையைக் கேன் தண்ணீரில் போட்டால் சாறு தெளிந்து பளிச்சென்று இருக்கும். இரண்டு தேயிலைகளை ஒப்பிட ஒரே தண்ணீர் வேண்டும் என்பது இதனால்தான். எலுமிச்சை பிழிந்தால் அதன் அமிலம் அந்த ஆடையைத் தடுக்கும், சாற்றின் நிறத்தையும் வெளுக்கச் செய்யும். ஆகவே லெமன் டீயின் அடர்த்தியை நிறத்தால் கணிக்கக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவதே சரி. கொதிக்கவிட்டால் எலுமிச்சை மணம் ஆவியாகிவிடும்.

இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது அதன் ஜிஞ்சரால் என்ற காரப்பொருளின் ஒரு பகுதி ஷோகால் என்பதாக மாறுகிறது. ஷோகாலின் காரம் கூடுதல். அதனால் சுக்கு சேர்ந்த பொட்டலத் தேயிலை தொண்டையில் சூட்டைத் தரும். பச்சை இஞ்சியின் எலுமிச்சைச் சாயல் அதில் குறைவு. இலங்கைத் தமிழர் வீடுகளின் இஞ்சிப் பிளேன்டீயில் அந்தச் சாயலை நன்றாக உணரலாம். ஏலக்காயைப் பொறுத்தவரை மணம் விதையில்தான் இருக்கிறது. தோலோடு சேர்த்து அரைத்த தூளில் மணத்தைவிட நாரே மிகுதி.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி மணமூட்டிய தேயிலை என்பதைப் பொட்டலத்தின் மேல் தெளிவாக அச்சிட வேண்டும். வாங்குபவர் அதோடு உள்ளடக்கப் பட்டியலையும் படித்தால் மசாலாப் பொருளா எசன்ஸா என்பது தெரியும். தேயிலை அக்கம்பக்கத்து மணத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும்; கற்பூரம், ஊதுபத்தி, மசாலாத்தூள் இருக்கும் அலமாரி அதற்கு ஆகாது. திறந்தபின் சேர்த்த மணம் வேகமாகக் குறைவதால், சிறு பொட்டலமாக வாங்கி, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வைப்பது நல்லது.