மோட்டார்ஹோமில் ஒரு மைக்ரோவேவ் பொந்து

முதல்லயே கருத்தைச் சொல்லிடறேன், சண்டைக்கு வர்றவங்க அப்புறம் வரலாம். மோட்டார்ஹோமில் பதிச்சு வெச்சிருக்கிற மைக்ரோவேவ் செத்துப்போச்சுன்னா, அதே மாடல், அதே அளவு, அதே ஸ்க்ரூ ஓட்டைன்னு தேடி அலையக் கூடாது. அந்தப் பொந்தை ஒரு சாதாரண அலமாரித் தட்டா மாத்திட்டு, எந்தக் கடையிலும் கிடைக்கிற, மேசை மேல வைக்கிற சின்ன பொட்டி ஒண்ணை வாங்கி உள்ளே வெச்சு இறுக்கிக் கட்டிடணும். அடுத்த தடவை அது செத்தாலும் அரை மணி நேர வேலை. அவ்வளவுதான் மேட்டர்.

மோட்டார்ஹோம்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: ஷூட்டிங்கில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருப்பாரே, கேரவன், அதோட பெரியப்பா. பஸ் மாதிரி ஒரு வண்டி, உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம். அமெரிக்காவில் இந்த வகையறா மொத்தத்துக்கும் ஆர்.வி. என்று பெயர்.

உனக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்பீர்கள். அடியேன் அரிசோனாவில் பொட்டி தட்டிப் பிழைப்பவன். படித்தது எலக்ட்ரானிக்ஸ், புடுங்குவது சாஃப்ட்வேர் ஆணி. வழக்கமான கதைதான். எங்கள் டீமில் இருந்து ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் வீட்டை விற்றுவிட்டு, மனைவியோடு 2005 மாடல் மோட்டார்ஹோமில் குடியேறிவிட்டார். (இந்த ஊரில் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு இன்னும் வாய் கூசும். அதனால் இங்கே பெரியவர்.) லீவுக்கு ஊர் சுற்றுகிற வண்டி இல்லை அது, அதுதான் அவர்களுக்கு வீடு. அந்த அம்மாவுக்கு இரண்டு கையிலும் முடக்குவாதம். தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி இறக்க முடியாது. ஓட்ஸ், சூப், காய்கறி, காபிக்கு வெந்நீர் எல்லாமே மைக்ரோவேவ்தான். அது நின்றால் அந்த வீட்டில் சமையலே நின்ற மாதிரி.

நின்றது. சர்வீஸ் சென்டரில் காட்டினார்கள். அதே மாடல் இப்போது வருவதில்லையாம். பொருந்தக்கூடிய வேறொன்று முக்கால் இஞ்ச் உயரம் அதிகம், ஆகவே அலமாரியை வெட்டணும், புது பிரேம் செய்யணும், ஆறு வாரம் ஆகும். எஸ்டிமேட் இரண்டாயிரம் டாலருக்குக் கொஞ்சம் கம்மி. பென்ஷன்காரர் முகம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்குங்க. ஊரில் நூறு டாலர் பக்கம் விற்கிற சாமானுக்கு, முக்கால் இஞ்ச் வித்தியாசத்துக்கு அபராதம் இது.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால் இது ஹார்டுகோட் பண்ணின கேஸ். வண்டி ஒழுங்காகப் பராமரித்தால் இருபது முப்பது வருஷம் ஓடும். மைக்ரோவேவ் பத்து வருஷம் ஓடினாலே பெரிய விஷயம். ஆக ஒரு வண்டியின் ஆயுளில் இரண்டு தடவையாவது மாற்றியே ஆகணும். மாறப்போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்த பொருளை, மாறவே மாறாதது மாதிரி சுவரோடு சுவராகப் பதித்து வைத்தால் அந்த டிசைனுக்கு என்ன பெயர்? ஜூனியர் பையன் இப்படி கோட் எழுதிக் கொண்டு வந்தால் ரிவ்யூவில் விட்டிருப்பேனா?

அமெரிக்க ஆர்.வி.க்களில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் பக்கம்தான் தயாராகின்றன. பல வண்டிகளில் தளத்தின் மேல் அலமாரி, சோபா, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் முதலில் நிறுத்திவிட்டு, அதற்கப்புறம்தான் பக்கச்சுவரைத் தூக்கி வைப்பார்கள். தயாரிப்பு வேகத்துக்கு அருமையான ஐடியா. பத்து வருஷம் கழித்து உள்ளே இருக்கிற சாமான் வாசல் வழியாக வெளியே வருமா என்பது எல்க்ஹார்ட்டின் கவலை இல்லை.

ஒரு சரித்திரக் குறிப்பு, சும்மா சுவாரசியத்துக்கு. 1945இல் ரேதியான் கம்பெனியில் ரேடார் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் மைக்ரோவேவ் சமையலுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1947இல் வந்த முதல் ரேடாரேஞ்ச் ஓர் ஆள் உயரம், சுமார் 340 கிலோ. அமானா கம்பெனி 1967இல்தான் வீட்டு மேசையில் வைக்கிற அளவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1966இல், அயோவாவில் வின்னபேகோ தன் முதல் மோட்டார்ஹோமை வெளியே விட்டது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு. இத்தனை வருஷம் கூடிக் குடித்தனம் நடத்தியும் ஒருத்தர் அளவு இன்னொருத்தருக்குத் தெரியலை :-)

சரி, ஏன் சின்ன பொட்டி என்று அடம் பிடிக்கிறேன்? இடத்துக்காக மட்டும் இல்லை, கரண்டுக்காக. இங்கேதான் ஆர்.வி. ஆசாமிகள் பலரோடு எனக்கு ஒத்துப் போவதில்லை. "பழசு ஆயிரம் வாட், புதுசு அதைவிடக் கம்மியா இருந்தா கௌரவக் குறைச்சல்" என்கிற மாதிரியே பேசுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டியில் போட்டிருக்கும் வாட் என்பது சாப்பாட்டுக்குப் போகிற பவர். சுவரில் இருந்து இழுப்பது அதைவிட அதிகம். ஆயிரம் வாட் பொட்டி சுமார் 1,550 வாட் இழுக்கும், 120 வோல்ட்டில் 13 ஆம்பியர். எழுநூறு வாட் பொட்டி சுமார் 1,050 வாட், 9 ஆம்பியர்.

நாலு ஆம்பியரில் என்ன வந்துவிடப் போகிறது என்று வீட்டில் இருப்பவர் கேட்கலாம். மோட்டார்ஹோமில் நிறைய வரும். சாதாரண வண்டிகளுக்கு முகாமில் கிடைப்பது 30 ஆம்பியர் இணைப்பு, அதாவது மொத்த வீட்டுக்கும் 3,600 வாட். அரிசோனா வெயிலில் கூரை ஏசி 13 ஆம்பியர் சாப்பிடும். பேட்டரி சார்ஜ் பண்ணுகிற கன்வெர்ட்டர் ஒரு 5. ஆச்சா, 18. இதோடு பெரிய மைக்ரோவேவ் 13 சேர்ந்தால் 31. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு பிரேக்கர் டப்பென்று விழும். சின்னது சேர்ந்தால் 27. ஏசியும் ஓடும், சூப்பும் சுடும். (வாட்டர் ஹீட்டரையும் கரண்டில் போட்டால் இரண்டுமே கோவிந்தா. அது வேற கதை. 50 ஆம்பியர் வண்டி வைத்திருக்கும் கோடீஸ்வரர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம்.)

இந்தத் தம்பதி குளிர்காலத்தில் குவார்ட்ஸைட் பக்கம் போய்விடுவார்கள். பாலைவனத்தில் அரசு நிலம், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்க அனுமதி உண்டு. ஆனால் வண்டிக்கு வண்டி மின் இணைப்பெல்லாம் கிடையாது. சோலார், பேட்டரி, இன்வெர்ட்டர், இல்லாவிட்டால் ஜெனரேட்டர். 12 வோல்ட் பேட்டரியில் இருந்து சின்ன மைக்ரோவேவை ஓட்டினாலே சுமார் 100 ஆம்பியர் பாயும். பெரியதுக்கு 150. ஒரு டம்ளர் தண்ணீர் காய்ச்ச இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு சார்ஜைத்தான் தின்னும், அதில் லாபம் ஒன்றும் இல்லை. வித்தியாசம் அந்த உச்ச கரண்டில்தான். இன்வெர்ட்டர், ஃப்யூஸ், கட்டைவிரல் தடிமன் கேபிள் எல்லாமே அதைப் பொறுத்துத்தான் வாங்கணும். சுத்தமான சைன் அலை தராத மலிவு இன்வெர்ட்டரில் மாட்டினால் மைக்ரோவேவ் வண்டு மாதிரி உறுமும், சூடும் சரியாக ஏறாது. ஆக அந்த அம்மாவுக்கு ஓட்ஸ் ஒன்றரை நிமிஷம் கூடுதலாக ஆனால் ஆகட்டும். பாலைவனத்தில் யாருக்கு என்ன அவசரம்?

என் கட்சிக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லணும். மேசை மேல் வைக்கிற மைக்ரோவேவை அலமாரிக்குள் திணிக்காதே என்று பல கம்பெனிகளின் கையேட்டிலேயே போட்டிருக்கும். வெறும் பயமுறுத்தல் இல்லை. பதிக்கிற மாடலில் சூடான காற்று முன்பக்கமாக வெளியே வர வழி இருக்கும். மேசை மாடலில் அது பின்பக்கமோ பக்கவாட்டிலோ மேலேயோ போகும். மூடிய பொந்தில் அந்தக் காற்று அங்கேயே சுற்றி, பொட்டி தன் மூச்சையே தானே சுவாசித்து வெந்துவிடும். அதனால்தான் பெரிய பொந்தில் சின்ன பொட்டி என்கிறேன். கையேட்டில் எத்தனை இஞ்ச் இடைவெளி கேட்டிருக்கிறதோ அதை அளந்து விட்டு, முன்பக்கம் சட்டம் போட்டு அடைக்காமல் திறந்தே வைக்கணும். சில மேசை மாடல்களுக்குக் கம்பெனியே பதிக்கும் பிரேம் விற்கிறது. இடம் நெருக்கடி என்றால் அந்த மாடலைத்தான் வாங்கணும். இரண்டும் முடியாதென்றால் அந்தப் பொந்தில் மைக்ரோவேவே வேண்டாம்.

அடுப்புக்கு நேர் மேலே தொங்குகிற ரகத்துக்கும் என் வாதம் செல்லாது. அது புகைபோக்கி வேலையும் சேர்த்துப் பார்க்கிறது. கீழே நெருப்பு எரியும் இடத்தில் மேசை மாடலைக் கொண்டுபோய் வைப்பது விபரீதம். நல்லவேளை, அந்த ரகம் வீடுகளுக்குப் போலவே 30 இஞ்ச் அகலம் என்று ஓரளவு ஒழுங்குக்கு வந்துவிட்டதால் மாற்று கிடைப்பதும் சுலபம். பாருங்க, அளவு ஒன்று என்று தீர்மானமாகிவிட்டால் பாதி பிரச்சினை தானாகத் தீருது. கேக் சுடுகிற கன்வெக்‌ஷன் வேணுமே என்பவர்களோடு நான் வாதாடவில்லை. அவங்க வயிறு, அவங்க பர்ஸ்.

கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். முதலில் பிரேக்கர், பிளக், இன்வெர்ட்டர் எல்லாம் பார்த்து, செத்தது பொட்டிதான் என்று உறுதி பண்ணினோம். இருபது கிலோவுக்கு மேல் இருந்த பழசை இரண்டு பேராகப் பிடித்து இறக்கினோம். பொந்தின் அடியில் நல்ல பிளைவுட் தட்டு, முன் விளிம்பில் ஒரு மரச்சட்டம், மேலே நைலான் பட்டை. வண்டி ஓடும்போது பிரேக் அடித்தால் பத்து கிலோ பொட்டி பறந்து வந்து மண்டையில் விழும், அதனால் இந்தக் கட்டு முக்கியம். ஸ்க்ரூ எல்லாம் மரத்தில்தான், மைக்ரோவேவின் உடம்பில் ஓட்டை போடவே கூடாது. மோட்டார்ஹோம் சுவரும் பேருக்குத்தான் சுவர். பின்னால் ஒயரோ கேஸ் குழாயோ ஓடலாம், குட்டை ஸ்க்ரூதான் பாதுகாப்பு. சுழலும் கண்ணாடித் தட்டை ஓட்டத்துக்கு முன் எடுத்து துண்டில் சுற்றி வைக்கணும். மரம், பட்டை, பொட்டி எல்லாம் சேர்த்து இருநூறு டாலரைத் தொடவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

சுற்றிலும் விட்ட இடைவெளியைப் பார்த்ததும் அந்த அம்மா பேப்பர் தட்டுகளை அதில் செருகக் கிளம்பிவிட்டார். மோட்டார்ஹோம்காரர்களுக்கு ஒரு இஞ்ச் காலி இடம் கண்ணில் பட்டால் தூக்கம் வராது. அது காற்றுக்கான இடம் என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

டிஸ்கி: பழைய பொட்டியைக் கழற்றிப் பார்த்து ஃப்யூஸ் மாற்றலாமே என்று பெரியவர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு, பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் படித்த நானே அந்த மூடியில் கை வைக்க மாட்டேன்.